போர்டு தேதி

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கியதுமே ஒரு பெண் வந்து நின்றாள். கையில் கெட்டி அட்டை போட்ட புராஜெக்ட் புத்தகங்கள். பண்ருட்டியில் பைண்டிங் போட்டிருக்கிறாள். ஒரு பக்கத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார்களாம். அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக பிரிண்ட் எடுத்து ஒட்டித் தர வேண்டுமாம். இன்றைக்கே கல்லூரியில் கொடுத்தாக வேண்டுமாம். புத்தகத்தைப் பிரித்தேன். ரெக்ஸினும் பசையும் கலந்த அந்த ஈர வாடை குப்பென்று ஏறியது. "கிளாஸ்ல எத்தனாவது ரேங்க்மா?" என்று கேட்டேன். "ஃபர்ஸ்ட்ணா" என்றாள். நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. அந்த வாடைக்கு உன் முகம் வந்துவிட்டது. சரி, எழுதித் தொலைப்போம் என்று உனக்கு எழுதுகிறேன். இதை நீ உடனே படிக்கப் போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் வந்த மெயிலை வந்த அன்றே பிரித்தவனா நீ?

நம் பள்ளியில் இரண்டாவது ரேங்க், மூன்றாவது ரேங்க் எல்லாம் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. முதல் ரேங்க் மட்டும் உன் பெயரிலேயே பட்டா போட்டது போல இருந்தது. நான் நடுவில் எங்கேயோ கிடந்தேன். ஆனால் வீட்டுப்பாடத்தைக் கொடுத்த அன்றைக்கே முடித்துவிடுவேன். அக்கறையெல்லாம் ஒன்றும் இல்லை, அடி வாங்கப் பயம். அதற்காக நீ எனக்கு 'மொத நாளு' என்று பட்டப்பெயர் வைத்தாய். வகுப்பு முழுக்க அப்படியே கூப்பிட்டது. இன்றைக்கும் பஜாரில் யாராவது ஒருவன் வண்டியை நிறுத்தி, "என்னடா மொத நாளு, கடை எப்படிப் போவுது?" என்று கேட்கிறான்.

பொதுத்தேர்வு மாதங்களில் உங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையே உனக்காக மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும். உன் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட்டின் பராமரிப்பில் இருந்தார். நீ படிக்கிற நேரத்தில் வீட்டில் சந்தடி கூடாது என்று ஆட்களிடம் கெஞ்சி ஷிப்டு மாற்றிக்கொள்வார். எதிர் வீட்டில் சீரியலைச் சத்தமில்லாமல் படம் மட்டும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவார். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டு அங்கிள் வேகாத பருப்பைத் தின்றுகொண்டு நீ மாநிலத்தில் முதலாவதாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

நீ உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத்தான் தெரியும். டைம்டேபிள் போட்டுக்கொண்டிருந்தாய். இயற்பியலுக்குப் பச்சை, வேதியியலுக்குச் சிவப்பு, கணக்குக்கு நீலம். கோடு கொஞ்சம் கோணலாகப் போனால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. பென்சில்களைச் சீவிச் சீவி வரிசையாக அடுக்குவாய். மேஜையைத் துடைப்பாய். "ஒரு நல்ல நேரம் பாத்து ஆரம்பிக்கணும்டா" என்பாய். "கல்யாணமாடா பண்ணப் போறே?" என்று கேட்டால் சிரிப்பாய். கடைசியில், பரீட்சைக்கு முந்தின நாள் விடியலில்தான் புத்தகம் திறக்கும். திறந்தால் அவ்வளவுதான், கற்பூர புத்தி, பற்றிக்கொள்ளும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தோற்றிருந்தால் ஒருவராவது உன்னைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள். நீ ஜெயித்துக்கொண்டே இருந்தாய்.

ரிசல்ட் வந்த அன்று உன் அப்பா சுரங்கத்துக்குப் பூந்தி கொண்டுபோனார். பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு பெர்மனென்ட் ஆன மனுஷர் அவர். அன்று என்னையும் பிடித்து நிறுத்தி வாயில் பூந்தியைத் திணித்துவிட்டுச் சொன்னார்: "நான் டிபன் டப்பா தூக்கிக்கினு எறங்குன மைன்ஸ்ல எம் பையன் ஜீப்புல எறங்கணும் தம்பி. அத்தப் பாத்துட்டு நான் ரிட்டையர் ஆவணும்."

நீ சென்னைக்குப் போனாய், பெரிய கல்லூரி, மெக்கானிக்கல். நான் டிப்ளமோ முடித்தேன். சுரங்கத்தில் அப்ரென்டிஸ் வரைக்கும் போய், அதற்கு மேல் வழியில்லை என்று தெரிந்ததும் மெயின் பஜாரில் இந்த ஜெராக்ஸ், பிரவுசிங் கடையைப் போட்டேன். அப்போது எல்லா விண்ணப்பமும் ஆன்லைனுக்கு மாறிய சமயம். நுழைவுத் தேர்வு, கவுன்சலிங், ஸ்காலர்ஷிப் என்று எது வந்தாலும் டவுன்ஷிப் பிள்ளைகள் என் கடைக்குத்தான் வந்தார்கள். நீ லீவுக்கு வந்தால் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒத்தாசை செய்வாய். அடுத்தவன் விண்ணப்பம் என்றால் உனக்குக் கை என்ன வேகம்!

அங்கேதான் நீ ஒன்றைக் கண்டுபிடித்தாய். கடைசி நாளன்று சர்வர் திணறும், பக்கம் பாதியில் நிற்கும், பிள்ளைகள் அழும். அழுகிறவர்கள் யார் என்று பார்த்தால் எல்லாம் ரேங்க் வாங்குகிற பிள்ளைகள். என்னைப் போல நடுவில் கிடப்பவர்கள் முதல் வாரமே வந்து முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அது விளங்கவில்லை. நீதான் விளக்கினாய்.

"உனக்குத் தப்பு வந்தா திட்டு விழும், அவ்ளோதான்டா. ஃபர்ஸ்ட் ரேங்க்காரனுக்குத் தப்பு வந்தா, அவன் யாருன்னே கேள்வி வந்துடும். அதான் தொடவே மாட்டான்."

"தொடலன்னா மட்டும்?"

"தொடாத வரைக்கும் அவன் ஃபர்ஸ்ட் ரேங்க்தானே?"

மருந்தும் நீயே சொன்னாய். கடை வாசலில் கடைசித் தேதிகளை எழுதிப் போடுகிற வெள்ளை போர்டு ஒன்று உண்டல்லவா? ஷிப்டு முடிந்து வருகிற அப்பாக்கள் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். "அதுல உண்மையான தேதிக்கு மூணு நாள் முன்னாடி போடுடா" என்றாய். போட்டேன். பிள்ளைகள் போர்டு தேதியன்று அடித்துப் பிடித்து ஓடி வருவார்கள். நாம் இரண்டு பேரும் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, "கடைசி நாள்ல வந்து நிக்கறியே, கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா?" என்று திட்டுவோம். எல்லாம் நிம்மதியாக முடிந்துவிடும். கையில் இன்னும் மூன்று நாள் இருந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. போர்டு தேதி ஒன்று, நிஜத் தேதி ஒன்று. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. டவுன்ஷிப்பின் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கரை சேர்த்தது அந்தப் பொய்தான். இன்றைக்கு அவர்கள் எங்கெங்கோ பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார்கள்.

உன் கடைசி வருஷ புராஜெக்ட் விஷயத்துக்கு வருகிறேன். கன்வேயர் பெல்ட்டின் உருளைகள் சூடேறித் தீப்பிடிப்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் நீ எடுத்த தலைப்பு. உன் அப்பாவின் வேலை. அந்த ஒரு பருவத்தில் நீங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சு! வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து, நீ கேட்க அவர் சொல்ல, உன் அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் பேசினீர்கள். "எம் பையன் பெல்ட்டப் பத்தி எழுதறான்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதியும் முடித்தாய். கொண்டுபோய்க் காட்டியபோது உன் புரொபசர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ரீடிங் எடுத்திருந்தா பிரமாதமா இருக்கும்" என்று சொன்னாராம். வேறு எவனாக இருந்தாலும் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு அப்படியே கொடுத்திருப்பான். உன் வகுப்பில் பாதிப் பேர் சீனியர் புத்தகத்தில் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களெல்லாம் இஞ்சினியர் ஆகிவிட்டார்கள். நீ மட்டும் "அடுத்த செமஸ்டர்ல சரியா பண்ணிக் குடுக்கறேன்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். மற்ற எல்லாப் பேப்பரிலும் மலை போல மார்க். இது ஒன்று இல்லாததால் டிகிரி இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. "படிப்பு முடிஞ்சுதா?" என்றார் உன் அப்பா. "முடிஞ்சுதுப்பா" என்றாய். வகுப்புகள் முடிந்தது உண்மைதானே என்று என்னிடம் வாதம் வேறு! அந்த வாதத்தை வைத்துக்கொண்டு அந்த வருஷத்தை ஓட்டினாய். அடுத்த வருஷமும் ஓடியது. "சர்டிபிகேட் வரணும்பா." "வரும்பா."

அப்புறம் நீ அவர் எதிரில் நிற்பதையே விட்டுவிட்டாய். உன் அப்பாவின் ஷிப்டு எது என்று அவரைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அவர் முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரும்போது நீ என் கடையில் இருப்பாய். இரண்டாவது ஷிப்டு என்றால் அவர் கிளம்பின பிறகுதான் எழுந்திருப்பாய். நைட் ஷிப்டு என்றால் உனக்குக் கொண்டாட்டம், பகலெல்லாம் அவர் தூங்குவார். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அப்பனும் மகனும் சேர்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை. "சொல்லித் தொலைச்சிடுடா" என்று நான் சொல்லாத நாளில்லை. ஆடி மாதம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்றாய். தீபாவளி கழியட்டும் என்றாய். பொங்கல் முடியட்டும் என்றாய். தமிழனுக்குப் பண்டிகைக்கா பஞ்சம்?

இதற்கு நடுவில் என் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த புராஜெக்டைத் திருத்திக்கொண்டே இருந்தாய். நானும் படித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குப் புரிந்த வரைக்கும் அது எப்போதோ முடிந்துவிட்டது. நீ வரைபடத்தின் கோட்டைச் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற்றுவாய். மறுநாள் நீலத்திலிருந்து சிவப்புக்கு. எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைப்பாய். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இது என்ன, கோலமாடா போடுறே? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாயேன்டா" என்று கத்திவிட்டேன். நீ திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாய்.

"குடுக்காத வரைக்கும் இது ரொம்ப நல்ல புராஜெக்ட்டுடா. குடுத்துட்டா வெறும் ஒரு மார்க்."

எல்லாருடைய போனிலும் இலவசமாக நெட் வந்த வருஷம் அது. என் கடையில் கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. உன் அப்பா ரிட்டையர் ஆவதற்கும் சில மாதங்களே இருந்தன. அப்போதுதான் யுனிவர்சிட்டியிலிருந்து மெயில் வந்தது. வழக்கம்போல நீ அதைப் பிரிக்கவில்லை. "நீ பாத்து சொல்லுடா" என்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாய். நான் படித்தேன். உன் வருஷத்து ஆட்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வருகிற மாதம் இன்ன வெள்ளிக்கிழமைக்குள் துறையில் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வாங்க மாட்டார்கள்.

நீ திரும்பி வந்ததும் சொன்னேன். தேதியைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை என்றும் சொன்னேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாய். "சரிடா மொத நாளு" என்றாய். பையன் கடைசியில் பயந்துவிட்டான், இனி நடந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நிஜமாகவே நடந்தது. நீ திருத்துவதை நிறுத்தினாய். பிரிண்ட் எடுத்தாய். பண்ருட்டியில் பைண்டிங்குக்குக் கொடுத்தாய். வியாழனும் வெள்ளியும் நீ கடைப்பக்கம் வரவில்லை. சென்னைக்குப் போயிருக்கிறாய், தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் போன் போடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனசிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை நீ வந்து நின்றாய். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, கையில் கறுப்பு அட்டையில் பொன் எழுத்துப் போட்ட புத்தகம். அப்படிப்பட்ட முகத்தோடு உன்னை நான் பார்த்ததே இல்லை. புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருடா, புது வாசனை!" என்றாய்.

"குடுத்துட்டு ஒரு காப்பி எடுத்துக்கினு வந்துட்டியா?" என்றேன்.

"இல்லடா. இன்னிக்கு மதியம் பஸ் ஏறறேன். நாளைக்கு ஃபிரண்டு ரூம்ல தங்கிட்டு திங்கக்கிழமை காலைல ஆபீஸ் தொறந்ததும் மொத ஆளா குடுத்துடுவேன். வாழ்க்கையில மொத தடவையா கடைசி நாளுக்கு முன்னாடியே கெளம்பியிருக்கேன்டா. கைய குடு!"

நான் கை கொடுக்கவில்லை. "நேத்தே முடிஞ்சிடுச்சேடா" என்றேன்.

"அது போர்டு தேதிதானே?"

நான் பதில் சொல்வதற்குள் உனக்கே விளங்கிவிட்டது. கையை மட்டும் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதும் நீ மனசுக்குள் மூன்று நாளைக் கூட்டிக்கொண்டுவிட்டாய். உன் மருந்தை உனக்கே கொடுக்கிறேன் என்று நினைத்துத்தான் அன்றைக்கு அப்படிச் சிரித்திருக்கிறாய். ஒரு வரி கேட்டிருக்கலாம். அந்த மெயிலை ஒரு தரம் பிரித்துப் பார்த்திருக்கலாம். எனக்குப் பாவமாக இல்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கணக்கைப் போட உன்னால்தான் முடியும். என் மேல் தப்பில்லை என்று அன்றும் தெரியும், இன்றும் தெரியும். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சென்னைக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தாய். முடியாது என்றார்கள். எப்போதாவது ஸ்பெஷல் சான்ஸ் அறிவிப்பார்கள், அப்போது வா என்றார்களாம். திரும்பி வந்தவன் அதையே பிடித்துக்கொண்டாய். "ஸ்பெஷல் சான்ஸ் வரட்டும்டா. அதுல குடுத்துட்டு, டிகிரிய வாங்கிக்கினு போயே அப்பாகிட்ட சொல்லிடறேன். ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடும்."

உன் அப்பா ரிட்டையர் ஆன அன்று மேளத்தோடு அழைத்து வந்தார்கள். செக்ஷன் ஆட்கள் எல்லாம் வந்து, மாலை மேல் மாலையாகப் போட்டு, கழுத்தே தெரியவில்லை. வீட்டு வாசலில் பந்தல், பிரியாணி. வந்திருந்த அதிகாரியிடம் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், "எம் பையன் சார். இஞ்சினியரு" என்றார். அந்த அதிகாரி எந்தக் கல்லூரி என்று கேட்டார். நீ பெயரைச் சொன்னாய். "வெரி குட்" என்றார். நீ ஐஸ்கிரீம் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாய். பின்வாசல் வழியாக வெளியேறி என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டாய். பந்தலில் உன் அப்பா கொஞ்ச நேரம் உன்னைத் தேடினார், அப்புறம் தேடுவதை விட்டுவிட்டார். நான் அங்கே இருந்து பார்த்தேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து முத்தாண்டிக்குப்பத்தில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனீர்கள். நீ குள்ளஞ்சாவடியில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு எடுக்கப் போனாய். நன்றாக எடுத்தாய் என்று கேள்விப்பட்டேன். "நல்ல வேலை வர்ற வரைக்கும்" என்று வீட்டில் சொல்லியிருந்தாய். இப்போது ஷிப்டு இல்லாத அப்பா, நாள் முழுக்க வீட்டில் இருப்பார். அதனால் நீ விடிந்ததும் கிளம்பி, விளக்கு வைத்த பிறகு திரும்பினாய். மழை பெய்த ஒரு சாயங்காலம், கடலூர் ரோட்டில் டூ வீலர் சறுக்கியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து உன் அப்பா கடைக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். மழிக்காத தாடி, தோளில் துண்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, அவன் டிகிரி சர்டிபிகேட்டு யுனிவர்சிட்டியிலயே கெடக்குது போல. போயி வாங்கவே இல்ல பாரு. நெட்டுல எழுதிப் போட்டா வூட்டுக்கே அனுப்புவாங்கன்னு சொல்றாங்க. நீ கொஞ்சம் பாத்துப் போடுப்பா. அவன் போட்டோ பக்கத்துல மாட்டலாம்னு இருக்கேன்."

"சர்வர் வேலை செய்யல அங்கிள், அடுத்த வாரம் பாக்கலாம்." இந்த வாக்கியம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவர் அடுத்த வாரம் வந்திருப்பார். அதற்கடுத்த வாரமும் வந்திருப்பார். உனக்கு அது கைவந்த கலை, எனக்கு வராது. சொல்லிவிட்டேன். டிகிரி இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்து, புரொபசர் சொன்னது, நீ திருத்தியது, போர்டு தேதி, சனிக்கிழமை காலை, ஸ்பெஷல் சான்ஸ் எல்லாம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். என்னை அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அவர் கேட்டார்.

"இதுக்காகத்தான் என் மூஞ்சியப் பாக்காம திரிஞ்சிக்கினு இருந்தானா?"

"ஆமா அங்கிள்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற ஒண்ணுமே இல்ல அங்கிள். உங்ககிட்ட சொல்ல பயம், அவ்ளோதான்."

டீயைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நான் என்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா தம்பி? பெல்ட்டப் பத்தி அவ்ளோ ஆசையா என்கிட்ட குந்தி கேட்டான். படிப்பு முடிஞ்சதும் பேச்சே நின்னு போச்சு. சரி, படிச்ச புள்ள, பெரிய எடத்துல பழகுன புள்ள, கரியில வேல செஞ்சவன அப்பன்னு சொல்லிக்க அதுக்குக் கூச்சமா இருக்குதுன்னு நெனச்சிட்டேன். ரிட்டையர்மென்ட் அன்னிக்குப் பந்தல்லேர்ந்து எழுந்து போனான் பாரு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் நானும் அவன் எதுருல போறதில்ல தம்பி. அவன் துன்னுட்டுப் படுக்கற வரைக்கும் தெருவுலயே நிப்பேன். நம்மளப் பாத்தா சோறு எறங்காதுன்னு."

டீ கிளாஸை எடுத்து மறுபடி அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன்.

"பேப்பரு குடுக்கலன்னா என்னா? போடா போக்கத்தவனேன்னு ரெண்டு திட்டு திட்டிட்டு சோத்தப் போட்டிருப்பேன். அவ்ளோதானே?" என்றார். பிறகு மறுபடி என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "என்ன வெறுக்கல இல்ல அவன்?"

"சத்தியமா இல்ல அங்கிள்."

"அப்பாடா" என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டேன். நெஞ்சிலிருந்து மூட்டையை இறக்கி வைக்கிறவரைப் போலச் சொன்னார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அந்த 'அப்பாடா' உனக்கு வர வேண்டியது. நீ ஒரே ஒரு நாள், ஏதாவது ஒரு ஷிப்டுக்கு நடுவில், அவர் எதிரில் போய் நின்றிருந்தால் உன் காதிலேயே விழுந்திருக்கும். என் சுபாவம் உனக்குத் தெரியும். அடுத்தவனுக்குச் சேர வேண்டியதை ஒரு நாள்கூட என்னிடம் வைத்துக்கொள்ள மாட்டேன், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். இது ஒன்றை மட்டும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.